ஆழமற்ற கடலும் துணையற்ற மூழ்குதலும்

சோமனூர்ப் பகுதியில் வாழும் நமக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிது. தறியின் ஓசையிலே பிறந்து, அவ்வோசையிலேயே வளர்பவர்கள் நாம். நாம் அறிந்த நீர்நிலைகள் நொய்யலாறும், சாமளாபுரத்து ஏரியும், தோட்டத்துக் கிணறுகளுமே. நம் பக்கத்துச் சிறுவர்கள் இடுப்பிலே சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய இடமும் கிணறுதான். எனினும், இக்காலத்து இளைஞர்கள் திருப்பூரிலும் கோவையிலும் பணியாற்றிப் பொருளீட்டுகிறார்கள். சில நாள் விடுமுறை கிடைத்தால் அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் சென்று, முதுகிலே காற்றுக்கலத்தைச் சுமந்து, பவளத் திட்டுகளிடையே மூழ்கி வருகிறார்கள். ‘ஸ்கூபா’ என்னும் சொல் நம்மூர்த் தேநீர்க் கடையிலும் இன்று வழங்குகிறது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். “ஐயா, நான் தனியாகப் போய் மூழ்கிவிட்டு வரலாமென்று இருக்கிறேன். ஆழமில்லாத இடந்தானே, பயமொன்றும் இல்லையே?” என்று கேட்டார். அக்கேள்வியில் இரண்டு சொற்கள் என் கருத்தைக் கவர்ந்தன. ஒன்று ‘தனியாக’ என்பது; மற்றொன்று ‘ஆழமில்லாத’ என்பது. இவ்விரண்டு சொற்களையும் ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். பகைவருக்கு அஞ்சிய ஒருவன் குளத்திலே மூழ்கி, நாணற் குழாயை வாயில் வைத்து மூச்சுவிட்டபடி நெடுநேரம் மறைந்திருந்தான் என்று கதைகளில் படித்திருப்பீர்கள். முகம் நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும் வரையில் இது இயலும். ஒரு மீட்டர் ஆழத்திலோ இது இயலாது. ஏனெனில், நீருக்கு எடை உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில், உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் நீர் ஏறத்தாழ 100 கிராம் எடையுடன் அழுத்துகிறது. மார்புப் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோமாயின், மார்பின்மேல் 100 கிலோ எடை ஏற்றிவைத்தாற் போலாகும். நெல்மூட்டையைச் சுமந்துகொண்டு மல்லாந்து படுத்திருப்பவன் எவ்வாறு மூச்சிழுப்பான்? குழாய் எவ்வளவு நீளமாயிருப்பினும் பயனில்லை. நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தமுள்ள காற்றே நுரையீரலுக்குள் புகவேண்டும்.

இச்சிக்கலை 1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினர் இருவர் செவ்வனே தீர்த்தனர். ஒருவர் கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோ. மற்றவர் எமீல் கான்யான் என்னும் பொறியாளர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமையால் மோட்டார் வண்டிகள் வேறு வாயுக்களால் ஓட்டப்பெற்றன. அவ்வாயுவை எஞ்சினின் தேவைக்கேற்ப அளந்துவிடும் வால்வு ஒன்றைக் கான்யான் அமைத்திருந்தார். அதுவே சிறிது மாற்றப்பெற்று மனிதனின் மூச்சுக்கு உதவுவதாயிற்று. இத்தகைய கருவிக்கு ‘ஸ்கூபா’ என்னும் பெயர் பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘தன்னிடத்தேயே காற்றைக் கொண்ட நீரடி மூச்சுக் கருவி’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அப்பெயர்.

அது வேலை செய்யும் முறை எளியது. காற்றுக்கலத்தினுள் காற்று ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. நம் கார்ச் சக்கரத்தினுள் இருப்பது இரண்டு மடங்கு அழுத்தமே என்பதை ஒப்புநோக்குங்கள். கலத்தின் தலையிலுள்ள முதல் வால்வு இவ்வழுத்தத்தைப் பெருமளவு குறைக்கிறது. வாயில் கவ்வும் பகுதியில் மெல்லிய இரப்பர்த் தகடு ஒன்று உண்டு. அதன் ஒருபுறத்தைக் கடல்நீர் தொட்டுக்கொண்டிருக்கும். நாம் மூச்சை இழுத்தவுடன் தகடு உட்புறம் வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்துகிறது, வால்வு திறக்கிறது, காற்று வருகிறது. இழுப்பது நின்றவுடன் வால்வு மூடிக்கொள்கிறது. நீரின் அழுத்தமும் தகட்டைத் தள்ளுவதால், எந்த ஆழத்திலும் அவ்வாழத்திற்குரிய அழுத்தத்திலேயே காற்று கிடைக்கிறது. இக்கருவியின் நன்மை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இதன் அபாயமும் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

அஃது எவ்வாறு என்பதைக் காண்போம். மூடிய பாத்திரத்திலுள்ள வாயுவின் அழுத்தத்தை இருமடங்காக்கினால் அதன் பருமன் பாதியாகக் குறையும் என்னும் விதியை இராபர்ட் பாயில் என்பவர் 1662இல் வெளியிட்டார். நீங்கள் இதைப் பௌதிக வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். கடல்நீரில் இது நடைபெறும் விதத்தைக் கருதிப் பாருங்கள். கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஒரு மடங்கு. பத்து மீட்டர் இறங்கினால் அது இருமடங்கு. இருபது மீட்டரில் மும்மடங்கு. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு.

இரண்டு லிட்டர் காற்று நிரப்பிய ஒரு பலூனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவதாகக் கொள்வோம். பத்து மீட்டரில் அது ஒரு லிட்டராகச் சுருங்கிவிடும். இருபது மீட்டரில் ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், முப்பது மீட்டரில் அரை லிட்டராகவும் ஆகும். கணக்கைக் கூர்ந்து நோக்குங்கள். முதற் பத்து மீட்டரில் பலூன் இழந்தது ஒரு லிட்டர். அடுத்த இருபது மீட்டரிலும் சேர்ந்து இழந்தது அரை லிட்டர். ஆழத்தில் மாறுதல் சிறிது. மேலே, நீர்மட்டத்தை நெருங்கிய பகுதியில்தான் மாறுதல் பெரிது. ‘ஆழமில்லாத இடந்தானே’ என்னும் சொல்லுக்கு இயற்கை தரும் விடை இதுவே.

பலூனின் இடத்திலே நுரையீரலை வைத்துப் பாருங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் ஒருவன் கருவியிலிருந்து மூச்சை நிறைய இழுத்துக்கொள்கிறான். ஏதோ ஒன்றைக் கண்டு அஞ்சுகிறான். மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலேறுகிறான். அவன் நுரையீரலில் இருந்த காற்று, அவன் மேலே வருவதற்குள் இருமடங்காக விரிய முயல்கிறது. நுரையீரலோ அவ்வளவு விரியும் பை அன்று. அதன் மெல்லிய சுவர்கள் கிழிகின்றன. காற்றுக்குமிழ்கள் இரத்தத்திற் கலந்து மூளைக்குச் செல்கின்றன. இதற்குப் பத்து மீட்டர்கூட வேண்டுவதில்லை. நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கி ஆளுயர ஆழத்திலிருந்து எழும்பினாலே போதும். ஆதலால்தான், இக்கலையைக் கற்பிப்போர் எல்லோரும் முதல் நாளில் முதற் பாடமாக ஒன்றைச் சொல்கின்றனர்: கருவியோடு மூழ்கியிருக்கையில் ஒருபோதும் மூச்சை அடக்காதே, இடைவிடாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இரு.

காதுக்கும் இதே விதிதான். செவிப்பறைக்கு உட்புறத்திலும் காற்று உண்டு. இரண்டு மீட்டர் இறங்குவதற்குள்ளாகவே காது வலிப்பதை நம் கிணற்றிலே உணர்ந்திருப்பீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக மூச்சை உந்தினால், தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் வழியே காற்று புகுந்து வலி நீங்கும். வலித்த பின் செய்வதைவிட, வலிக்குமுன் அடிக்கடி செய்வதே நன்று. சளி பிடித்திருக்கும் நாளில் அக்குழல் அடைபட்டிருக்குமாதலால் அன்று மூழ்கலாகாது. விடுமுறை வீணாகிறதே என்று எண்ணி மூழ்கிய பலர் செவிப்பறையைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

மூன்றாவதாக நைட்ரஜனைப் பற்றிச் சில சொற்கள். நாம் மூச்சாக இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் மிகுந்த இடத்தில் அது இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மெல்ல மேலேறினால் மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, கோலி சோடாவைத் திறந்தவுடன் வாயு பொங்குவதுபோல, உடலினுள்ளே குமிழ்கள் தோன்றும். மூட்டுவலியும், சிலவேளை பக்கவாதமும் விளையும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடுகளைக் கொண்டு சோதனைகள் நடத்தி, எவ்வளவு நேரம் எந்த ஆழத்தில் இருந்தால் எவ்வாறு மேலேற வேண்டும் என்னும் அட்டவணைகளை 1908இல் வெளியிட்டார். ஆழமற்ற திட்டுகளில் இந்நோய் அரிது. ஆனால் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவதும், ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்குவதும் இன்று எங்கும் வழங்கும் வழக்கமாகும். மூழ்கியவர் உடனே விமானம் ஏறலாகாது. ஒரே முறை மூழ்கியவர் 12 மணி நேரமேனும், பன்முறை மூழ்கியவர் 18 மணி நேரமேனும் கழித்தே விமானம் ஏறுதல் வேண்டும். குறுகிய விடுமுறையில் செல்வோர் திரும்பும் நாளுக்குச் சீட்டு வாங்கும்போதே இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கணக்கிலே விருப்பமுள்ள மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். பதினொரு லிட்டர் கொள்ளளவுள்ள கலத்தில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று நிரப்பினால், அது வெளியிலே 2200 லிட்டர் காற்றுக்குச் சமம். இதில் கால் பங்கை, அஃதாவது 550 லிட்டரை, இடருக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். மிஞ்சுவது 1650 லிட்டர். ஒருவர் கரையில் நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சிழுப்பாராயின், பத்து மீட்டர் ஆழத்தில் இருமடங்கு அழுத்தமாதலால் 40 லிட்டர் செலவாகும். அவர் தங்கக்கூடியது ஏறத்தாழ 41 நிமிடம். இருபது மீட்டரிலோ 27 நிமிடந்தான். அச்சம் வந்து மூச்சு இரைத்தால் இதிலும் பாதி. காற்று எடையற்றது என்று எண்ணுவோருக்கு மற்றொன்றும் சொல்வேன். நிறைந்த கலத்திலுள்ள காற்றின் எடை மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். காற்று தீரத் தீரக் கலம் இலேசாகி மூழ்குபவரை மேலே தூக்கும். அதற்கும் அவர் முன்னேற்பாடு செய்திருக்க வேண்டும்.

இவ்விடத்திலே கடலை விட்டு நம் கிணற்றுக்கு ஒருமுறை திரும்ப விரும்புகிறேன். கருவி இல்லாமல் மூச்சடக்கி மூழ்குவதில் வேறொரு அபாயம் உண்டு. அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிக அருகிலிருக்கும் அபாயம். ‘யார் அதிக நேரம் நீருக்குள் இருப்பது’ என்று பந்தயம் கட்டும் சிறுவர்கள், குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுவதைக் கண்டிருப்பீர்கள். அதனால் பிராணவாயு மிகுதியாகச் சேரும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் அதனால் சேரும் பிராணவாயு அற்பம். இரத்தத்திலுள்ள கரியமிலவாயுதான் வெளியேறுகிறது. ‘மூச்சுவிடு, மூச்சுவிடு’ என்று உடலைத் தூண்டும் மணியோசை அக்கரியமிலவாயுவே. மணி அடிப்பவனை வெளியே அனுப்பிவிட்டால் மாணவர்களுக்கு வகுப்பு முடிந்தது எப்படித் தெரியும்? மூச்சுத் திணறலே தோன்றாமல், பிராணவாயு குறைந்து, சிறுவன் மயங்கிவிடுகிறான். கத்துவதில்லை, கைகால் அடிப்பதில்லை. மேலே நிற்பவர்கள், ‘பயல் நன்றாக அடக்குகிறான்’ என்று எண்ணிக் கொண்டிருப்பார்கள். என் பணிக்காலத்தில் இரண்டு முறை, நீரில் மாண்ட மாணவன் ஒருவனின் பெயரை வருகைப் பதிவேட்டிலே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். இருவரும் நீந்தத் தெரிந்தவர்களே. ஆதலால் நான் சொல்வதைக் கிணற்றடியிலே நினைவிற் கொள்ளுங்கள். குதிக்குமுன் வேகமூச்சு வேண்டா, பந்தயமும் வேண்டா.

இனி, இத்தனை இடருக்கும் ஆட்பட்டு மக்கள் காணச் செல்லும் பவளத் திட்டுதான் யாது? பவளம் கல்லன்று, அது கல்வீடு கட்டும் சிற்றுயிர். குண்டூசித் தலையளவே உள்ள உயிர்கள் கோடிக்கணக்காகக் கூடி வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு இருப்பிடம் அமைத்துக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. பவளம் அதற்கு இடமளித்து உணவிற் பங்கு பெறுகிறது. பாசிக்கு வெயில் வேண்டுமாதலால் இவ்வகைப் பவளத் திட்டுகள் ஒளி புகும் ஆழமற்ற நீரிலேயே செழிக்கின்றன. அழகிய திட்டுகளைக் காண ஆழத்திற்குச் செல்ல வேண்டாமைக்குக் காரணம் இதுவே.

நம் தமிழ்நாட்டிலேயே இச்செல்வம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரையுள்ள மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்து பவளத் திட்டுகளும் உள்ளன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றன. நூற்றுக்கு மேற்பட்ட கற்பவள இனங்கள் இங்கு உண்டு. 1947இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இக்கடலைப் பல்லாண்டு ஆராய்ந்து வந்திருக்கிறது. ஆனால், சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல காலம் பவளப் பாறைகள் வெட்டி எடுக்கப்பெற்றன. அரண் இழந்த தீவுகளை அலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருள் அமிழ்ந்துவிட்டன. 2001 முதல் பவளத்தை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கடல் வெப்பமும் ஒரு பகை. வழக்கமான கோடை வெப்பத்தினும் ஓரிரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறிப் போகிறது. வெப்பம் தணியாவிடில் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பெரும் வெளிறல் நேர்ந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காக்க, செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கும் பணி 2015இல் தொடங்கிற்று.

மூழ்குதல் தமிழருக்குப் புதிய தொழிலன்று. கொற்கையின் முத்தைக் கிரேக்கரும் உரோமரும் அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ இக்கடற்கரையின் முத்துக் குளிப்பைக் குறித்து எழுதியிருக்கிறார். தூத்துக்குடிக்கு அப்பால் தோளாயிரம் பார் முதலிய முத்துப்பார்கள் உண்டு. தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். முத்துக் குளிப்போர் கயிற்றிலே கட்டிய கல்லின்மேல் காலூன்றி விரைந்து இறங்குவர். ஏறக்குறைய ஒரு நிமிடத்திற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பர். படகிலிருப்பவர் இழுத்துக்கொள்வார். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவார். கயிறு பிடிப்பவர் தனி.

அக்கயிற்றை யாரிடம் கொடுப்பது? மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பதே வழக்கமென்று கடற்கரையிற் சொல்வதுண்டு. தங்கை கைம்பெண்ணாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் அன்றோ? ‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்னும் பழமொழியை நாமும் வழங்குகிறோம். இன்றைக்கும் பாம்பன் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களிலே துணி சுற்றி, மூச்சடக்கிக் கடற்பாசி சேகரிக்கிறார்கள். மார்பளவு, ஆளளவு நீர்தான். கடல் அவர்களுக்குத் தாய்வீடு போன்றது. அவ்வாறிருந்தும் அவர்கள் கூட்டமாகவே செல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலோடு பழகியவர்கள் துணையோடு இறங்கும்போது, தறிநாட்டிலிருந்து செல்லும் நாம் எதை நம்பித் தனியே இறங்குவது?

துணைவர் செய்யும் வேலைகள் யாவை என்று கேட்பீர்கள். அவருடைய கருவியில் மற்றொரு வாய்க்குழல் இருக்கும். நம் காற்று தீர்ந்தால் அதைக் கவ்விக்கொள்ளலாம். முதுகுப்புறத்திலே கலத்தில் மீன்வலை சிக்கினால் நம் கை அங்கே எட்டாது. அவர் கை எட்டும். கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டால் இழுத்துவிடுவார். எல்லாவற்றிலும் பெரிய உதவி வேறொன்று. அச்சம் தோன்றும்போது அருகிலே ஒரு முகத்தைக் கண்டாலே மூச்சு நிதானப்படுகிறது.

தனியே மூழ்குவதற்கென்றே பயிற்சி தரும் நிறுவனங்களும் மேல்நாடுகளில் இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால், அவை யாரைச் சேர்த்துக்கொள்கின்றன? குறைந்தது 100 முறை மூழ்கிய அனுபவமுடையவர்களை. அவர்களும் முதற்கலத்தோடு தொடர்பில்லாத இரண்டாவது காற்றுக்கலம் ஒன்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்று பழுதானால் உதவ மற்றொன்று, அஃதாவது துணைவர் இல்லாத இடத்தில் துணைக்கலம். தனிமையை விரும்புவோரும் துணையின் தேவையை மறுக்கவில்லை என்பதை இதனால் அறியலாம்.

அப்படியாயின் தனியே விடுமுறைக்குச் செல்வதே தவறா என்றால், அன்று. தனியே பயணம் செய்வது வேறு; தனியே மூழ்குவது வேறு. ஓய்வு பெற்றபின் நானும் தனியாகவே அந்தமானுக்குச் சென்றேன். இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறி, ஸ்வராஜ் தீவு எனப் பெயர்மாறிய ஹேவ்லாக்கை அடைந்தேன். வயதைக் கேட்ட பயிற்சி நிலையத்தார் மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் இறக்க இயலாது என்றனர். இதயத்தையும் காதையும் நுரையீரலையும் மருத்துவர் சோதித்து எழுதித் தந்த தாளை நான் ஊரிலிருந்தே கொண்டு சென்றிருந்தேன். இடுப்பளவு நீரில் முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. பயிற்சியாளர் இளைஞர், என் பேரன்போல் இருந்தார். ஆனால் நீருக்குள் அவரே ஆசிரியர், நானே மாணவன். “பேசக்கூடாது, கையால்தான் சொல்லவேண்டும், ஐயா” என்றார். நாற்பதாண்டுக் காலம் பேசிப் பிழைத்தவனுக்கு அது நல்ல தண்டனை. கட்டைவிரலை உயர்த்தினால் ‘நன்று’ என்பது நம் வழக்கம். அங்கோ ‘மேலே போகலாம்’ என்று பொருள். நன்று என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம்.

ஏழு மீட்டருக்குமேல் இறங்கவில்லை. அவர் கை என் கலத்தை விடவுமில்லை. நான் கண்டவற்றுள் சில உங்கள் பாடங்களுக்கு உதவும். செந்நிறக் கைக்குட்டை ஒன்று அங்கே பழுப்பாகத் தோன்றிற்று. செந்நிற ஒளியை நீர் முதலில் விழுங்கிவிடுவதே காரணம். மீன்கள் உள்ளதைவிட மூன்றிலொரு பங்கு பெரியனவாகத் தோன்றின. முகக்கண்ணாடியினுள் இருக்கும் காற்றுக்கும் நீருக்கும் இடையே ஒளி வளைவதனால் விளைவது அது. ஒரு படகின் ஓசை கேட்டது. ஆனால் எத்திசையிலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. நீரில் ஒலி காற்றினும் நான்கு மடங்குக்கு மேல் விரைந்து செல்வதால் இரு செவிகளும் ஏறத்தாழ ஒரே கணத்தில் கேட்டுவிடுகின்றன. மேலே படகு வருவதை அறிந்தும் அதன் திசையை அறியாதவன் தனியே எழும்புவது எத்தகைய பேதைமை என்பதை அங்கே உணர்ந்தேன். மூளை மடிப்புப் போன்ற பவளம் ஒன்றை என் கால் துடுப்பு தொடவிருந்தது. பயிற்சியாளர் என்னை மெல்ல உயர்த்திவிட்டார். ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்கூட வளராத பவள இனங்கள் உண்டு. ஒரு துடுப்பின் உதை ஒரு தலைமுறையின் வளர்ச்சியை முறித்துவிடும். துணைவர் நம்மை மட்டுமன்றிப் பவளத்தையும் காக்கிறார்.

ஆகவே, விரும்பிச் செல்வோர்க்குச் சில சொற்கள். முதலில் நீச்சல் பழகுங்கள். மருத்துவரிடம் உடலைக் காட்டுங்கள். இழைப்பு நோயோ காதுநோயோ இருப்பின் மறைக்காதீர்கள். பஞ்சுத் தூசியிடையே வேலை செய்வோர் நுரையீரலைச் சோதித்துக்கொள்வது மிக அவசியம். முறையான சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரிடமே செல்லுங்கள். முதற் சான்றிதழ் பெறக் கடலில் நான்கு முறையேனும் மூழ்கிக் காட்டவேண்டும். அதன்பின்னரும் 18 மீட்டருக்குள்ளேயே நிற்கவேண்டும். தனியே சென்றவர்க்கு அங்குள்ள நிலையத்தாரே துணை அமர்த்தித் தருவர். அவர் அயலாராயினும் இறங்குமுன் அவர் கருவியை நீங்களும், உங்கள் கருவியை அவரும் சோதியுங்கள். காற்றளவைக் காட்டும் முள்ளை அடிக்கடி பாருங்கள். பவளத்தைத் தொடாதீர்கள், ஒரு துண்டும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். எங்கே, எப்போது, யாருடன் இறங்குகிறீர்கள் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

என்னைக் காண வந்த இளைஞரிடமும் இவற்றையே கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “பயணச்சீட்டு வாங்கிவிட்டேன், ஐயா” என்றார். நல்லது, போய் வாரும் என்றேன். ஆனால் திரும்பும் விமானத்தை ஒரு நாள் தள்ளிப்போடச் சொன்னேன். அங்கேயே அமர்ந்து கைப்பேசியில் அதை மாற்றிவிட்டுத்தான் எழுந்தார்.

மாணவ நண்பர்களே, துணிவு வேண்டா என்று நான் சொல்லவில்லை. கடலைக் காணாமலே வாழ்ந்துவிட்ட நம் முன்னோர்க்குக் கிட்டாத பேறு உங்களுக்குக் கிட்டியிருக்கிறது. அதைப் பெறுங்கள். பாயிலின் விதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், உங்கள் மார்புக்கும் அது பொருந்தும் என்று அறிந்து படியுங்கள். நீரில் இறங்கும்போது, அது கடலாயினும் நம் தோட்டத்துக் கிணறாயினும், கயிறு பிடிக்க ஒருவரை மேலே நிறுத்திவிட்டு இறங்குங்கள்.